ஒப்பந்தம் இல்லாமல் விமானம் ஏறிய நடுக்கள வீராங்கனை நான்

இதை ஐந்தாறு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் முழங்காலை ஸ்கேன் எடுத்த அந்த அறையின் குளிர்தான் முதலில் ஞாபகம் வரும், அப்படியே மூடி வைத்துவிடுவேன். போன மாதம் எங்கள் கால்பந்து அணியில் இருக்கும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, "அக்கா, வெளிநாட்டு கிளப் ஒன்று கூப்பிடுகிறது, டிக்கெட் மட்டும் நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம்" என்று செல்போனை என்னிடம் நீட்டினாள். படித்துப் பார்த்தால், 2017ல் எனக்கு வந்த மெசேஜும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஊர்ப்பெயரும் கிளப்பின் பெயரும்தான் வேறு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது புவெனஸ் ஐரஸுக்குத் தெற்கே, ரோகா ரயில் பாதை போகும் புறநகர் ஒன்றில். எங்கள் நாட்டில் தெருவோரக் காலிமனையில் ஆடும் ஆட்டத்துக்குப் 'பொத்ரேரோ' என்று பெயர். அண்ணன்களோடு அங்கேதான் ஆரம்பித்தேன். உடம்பு சின்னது, ஓட்டத்திலும் அவர்களுக்கு ஈடு கிடையாது. ஆனால் பந்து வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்கிற பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் முதல் கிளப்பின் கோச் என்னை 'சின்கோ' ஆக்கினார். சின்கோ என்றால் ஐந்து. தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று பந்தை வாங்கி, ஆட்டம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற நடுக்கள ஆட்டக்காரருக்கு அர்ஜென்டினாவில் அந்த எண்தான். எங்கள் ஊரில் சின்கோ என்றால் தனி மரியாதை உண்டு. ஆனால் அந்த மரியாதையெல்லாம் ஆண்கள் ஆட்டத்தில்தான்.

பெண்கள் முதல் பிரிவில் ஐந்து வருடம் ஆடினேன், சம்பளமாக ஒரு பேசோ வாங்கியதில்லை. கிளப் உறுப்பினர் சந்தாவைக்கூட மாதாமாதம் நாங்களே கட்டினோம். காலை ஐந்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை பேக்கரியில் வேலை. பயிற்சி இரவு ஒன்பது மணிக்கு, ஏனென்றால் ஆண்களின் இளையோர் அணிகள் எல்லாம் முடித்துப் போன பிறகுதான் பாதி மைதானம் எங்களுக்குக் கிடைக்கும். வீடு திரும்பும்போது பன்னிரண்டரை ஆகிவிடும், மறுபடி நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் ரயிலில் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தேன். தேசிய அணியின் நிலைமையும் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆட்டமே இல்லாமல் முடங்கிக் கிடந்த அணியை 2017ல் மறுபடி கூட்டினார்கள். அந்த செப்டம்பரிலேயே, பேசிய படிக்காசு 150 பேசோகூடக் கைக்கு வரவில்லை என்று வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைய கணக்கில் அது ஒன்பது டாலர்கூட இல்லை.

அந்த வேலைநிறுத்தச் செய்தியை நான் படித்தது ஸ்பெயினில், ஐந்து பெண்கள் பகிர்ந்துகொண்ட ஒரு வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து.

ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அந்த ஜூலையில் எனக்கு எழுதியிருந்தார். வீடியோ பார்த்தேன், உன் மாதிரி சின்கோவைத்தான் ஒரு கிளப் தேடுகிறது, மாதம் 700 யூரோ, தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, விமான டிக்கெட்டை மட்டும் நீ போட்டுக்கொள், முதல் இரண்டு மாதச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றார். அவருடைய கட்டணம் 600 டாலர், முன்கூட்டியே. வெஸ்டர்ன் யூனியனில் அனுப்பினேன். டிக்கெட் 1,150 டாலர். என் சேமிப்பு போதவில்லை, அம்மா தன் தையல் மெஷினை விற்றாள். அது வெறும் மெஷின் இல்லை. அண்ணன்களுக்கும் எனக்கும் பள்ளிச் செலவு பார்த்தது அது. "திரும்பி வரும்போது புதுசா வாங்கித் தா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒப்பந்தம் எங்கே என்று நான் கேட்டதற்கு ஏஜென்ட் இரண்டு பக்க பிடிஎஃப் ஒன்றை அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் கிளப்பின் சின்னம், என் பெயர், 700 யூரோ என்ற தொகை. இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்கான இரண்டு கோடுகள், இரண்டும் காலி. வந்ததும் தலைவர் கையெழுத்துப் போடுவார் என்றார். நானும் நம்பினேன். நம்பியது அவரையா என்றால் இல்லை. அங்கிருந்து எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று எனக்குள் இருந்த ஆசையைத்தான் நம்பினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இதைப் படிக்கிற தங்கச்சிகள் யாருக்காவது இப்படி அழைப்பு வந்தால், ஏஜென்டோடு பேசுவதற்கு முன்னால் கிளப்புக்கே நேரடியாக எழுதுங்கள். கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து, என்னை உண்மையில் நீங்கள்தான் கூப்பிடுகிறீர்களா, ஒப்பந்தத்தில் கிளப் சார்பில் கையெழுத்துப் போடுவது யார், விசாவுக்கு விண்ணப்பிக்கப் போவது யார், என் பதிவு எந்தத் தேதிக்குள் முடியும், அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று ஐந்து கேள்வி கேளுங்கள். இதற்குப் பதில் எழுத ஒரு கிளப்புக்கு அரைமணி நேரம் ஆகாது. ஏஜென்ட் விஷயத்தில் இப்போது ஒரு வசதி உண்டு, உலகக் கால்பந்து சம்மேளனமான பிஃபாவின் உரிமத் தேர்வை 2023 முதல் எழுதித் தேறியவர்களின் பட்டியலை பிஃபா தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே உங்களிடம் பணம் கேட்பவரோடு, அவர் யாராக இருந்தாலும், பேச்சை முறித்துவிடுங்கள். பதினெட்டு நிரம்பாத பெண் என்றால் இன்னும் கவனம். சில விதிவிலக்குகள் தவிர அந்த வயதில் நாடு விட்டு நாடு பதிவு மாற்ற பிஃபா அனுமதிப்பதே இல்லை.

சரி, ஸ்பெயினுக்கு வருகிறேன். வலென்சியாவிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊர். அர்ஜென்டினா பாஸ்போர்ட்டுக்கு அங்கே 90 நாள் விசா தேவையில்லை, அந்த 90 நாள் கணக்கில்தான் நான் உள்ளே போனேன், அதாவது சுற்றுலாப் பயணியாக. முதல் வாரம் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள், கோச்சுக்கு என் ஆட்டம் பிடித்திருந்தது. கையெழுத்து மட்டும் நடக்கவில்லை. தலைவர் ஊரில் இல்லை என்றார்கள், அப்புறம் வக்கீல் பார்க்கிறார் என்றார்கள். லீக் தொடங்கியது, நான் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். வேறு நாட்டில் ஆட வேண்டுமென்றால் பழைய நாட்டின் கால்பந்து சம்மேளனம் புது நாட்டின் சம்மேளனத்துக்குச் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் என்று ஒன்று அனுப்ப வேண்டும், அதை ஆரம்பித்து வைக்க வேண்டியது புது கிளப்தான். எனக்கு அப்படி ஒரு சான்றிதழ் இருப்பதே தெரியாது. என் பெயரில் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. செப்டம்பரில் 200 யூரோ கையில் கொடுத்தார்கள், அக்டோபரில் இன்னொரு 200. ரசீது கிடையாது. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் மூன்றாம் வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், எங்களுக்குள்ளேயே ஒரு பயிற்சி ஆட்டம். செயற்கைப் புல், லேசான மழை பெய்து நின்றிருந்தது. தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் பந்தை என் இடது காலுக்குக் கொடுத்தாள். வழக்கம்போல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேன், வலது பக்கம் காலி, அந்தப் பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, வலது பூட்ஸ் திரும்பவில்லை. யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. முழங்காலுக்குள் காய்ந்த குச்சியை ஒடித்தது போல ஒரு சத்தம், அது எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன், ஆனால் பத்தடி தள்ளி நின்றவளும் கேட்டாளாம். வலி முதலில் அவ்வளவு இல்லை. எழுந்து நின்றேன், இரண்டடி நடந்தேன், மூன்றாவது அடியில் முழங்கால் தனக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாதது போலப் பக்கவாட்டில் நழுவியது. அப்போதே தெரிந்துவிட்டது.

ஏசிஎல் என்று எல்லாரும் சொல்கிற, முழங்காலை உள்ளிருந்து கட்டிப் பிடிக்கிற தசைநார் முழுதாக அறுந்திருந்தது. அந்த ஸ்கேனுக்கு 230 யூரோ, என் கையிலிருந்து. சம்மேளனத்தில் பதிவாகி வீராங்கனை உரிமம் வந்திருந்தால் அதோடு காப்பீடும் வந்திருக்கும், அறுவை சிகிச்சை வரை அவர்கள் பார்த்திருப்பார்கள். உரிமம் இல்லாததால் காகிதப்படி நான் வீராங்கனையே இல்லை. ஒரு சுற்றுலாப் பயணி, யாருடைய மைதானத்திலோ வழுக்கி விழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். கிளப்பில் பேசியபோது, "நாங்கள் உன்னிடம் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே" என்று ஒருவர் மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் இன்னும் என்னை உறுத்துகிறது. ஏஜென்ட் என் எண்ணை பிளாக் செய்திருந்தார். அதனால் சொல்கிறேன், பதிவு முடிந்து உரிம எண் உங்கள் கைக்கு வரும்வரை பயிற்சி ஆட்டத்தில்கூட இறங்காதீர்கள். ஆர்வத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று மனசு சொல்லும், எனக்கும் சொன்னது. காலில் ஏதாவது ஆனால் அந்த மனசால் ஒன்றும் செய்ய முடியாது. குறைந்தபட்சம் சொந்தச் செலவிலாவது விளையாட்டுக் காயத்தையும் சேர்த்த பயணக் காப்பீடு ஒன்று எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் போட்டி விளையாட்டுக் காயம் சேராது, அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

நவம்பரில் இரண்டு ஊன்றுகோலோடு புவெனஸ் ஐரஸின் எசெய்சா விமான நிலையத்தில் இறங்கினேன். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட், டிக்கெட், திரும்பும் தேதியை மாற்றிய கட்டணம், ஸ்கேன், அங்கே சாப்பிட்ட செலவு எல்லாம் சேர்த்து 2,700 டாலருக்கு மேல், வந்தது 400 யூரோ. அம்மா தையல் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பழைய அணித் தோழிகளிடம் விடுமுறைக்கு வந்திருக்கிறேன் என்றேன், இரண்டு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அவமானமாக இருந்தது. ஏமாற்றியவர் அவர், அவமானம் ஏன் எனக்கு என்று கேட்டுக்கொள்ள எனக்கு அப்போது தெரியவில்லை. அன்றே வெளியே சொல்லியிருந்தால் எங்கள் நாட்டு ஆட்டக்காரர்கள் சங்கத்தின் வக்கீல் ஒருவர் கிடைத்திருப்பார். 1944லிருந்து இருக்கும் அந்தச் சங்கம் ஆண்களுக்கு மட்டும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சர்வதேசத் தகராறு என்றால் பிஃபாவின் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம், ஆட்டக்காரருக்கு அங்கே கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எனக்கு அது தெரிய வந்தபோது இரண்டு வருடம் தாண்டியிருந்தது.

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை இலவசம், ஆனால் வரிசை நீளம். ஏழு மாதம் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில்தான், 2018 ஏப்ரலில், சிலியில் நடந்த தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான கோப்பா அமெரிக்காவில் எங்கள் தேசிய அணிப் பெண்கள் மேட்ச்சுக்கு முந்தைய குழுப்படத்தில் கைகளைக் காதுக்குப் பின்னால் வைத்து நின்றார்கள். எங்கள் குரல் கேட்கட்டும் என்று அர்த்தம். அம்மா வீட்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து அதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். எஸ்தெஃபானியா பானினி அந்த வரிசையில் இருந்தாள். மெந்தோசாவிலிருந்து கிளம்பி சிலி, அமெரிக்கா, ஸ்பெயின் என்று போய் ஆடிய நடுக்கள ஆட்டக்காரி. என்னைவிட மூன்று வயது மூத்தவள், பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடுவாள். அவளைப் பார்த்துத்தான் நானும் வெளிநாடு போக ஆசைப்பட்டேன்.

ஜூனில் அறுவை சிகிச்சை. கட்டைப் பிரித்த பிசியோதெரபிஸ்ட் டேப்பால் தொடையைச் சுற்றி அளந்தார், வலது தொடை இடதைவிட நாலு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. முதல் மாதம் முழுக்கச் செய்த பயிற்சி, படுத்தபடி முழங்காலுக்குக் கீழே சுருட்டி வைத்த துண்டை அழுத்துவதுதான். முதல் நாள் மூளை கட்டளை போடுகிறது, தசை அசையவே இல்லை. ஒன்பதாவது நாள் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்லத் துடித்தது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தக் காயம் பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. ஆனாலும் பத்து வருட ஆட்டத்தில் ஒரு கோச்கூட எனக்குக் குதித்து இறங்கும் முறையைச் சொல்லித் தந்ததில்லை. பிஃபா 11+ என்று இருபது நிமிடப் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஓட்டம், தொடையின் பின்பக்கத் தசைக்கு வலு, ஒற்றைக்கால் சமநிலை, குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் இறங்குவது எல்லாம் அதில் வரும், பைசா செலவில்லை, கருவி வேண்டாம். உங்கள் கோச் செய்ய வைக்காவிட்டால் நீங்களே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். ஏற்கெனவே அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு ஒன்றே ஒன்று, ஒன்பது மாதத்துக்கு முன்னால் மேட்ச் ஆடாதீர்கள், கிளப் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. நாள்காட்டியை மட்டும் நம்பவும் வேண்டாம், இரண்டு கால் பலமும் ஏறக்குறைய சமமாகும்வரை பொறுங்கள். எனக்குப் பதின்மூன்று மாதம் ஆனது.

2018 நவம்பரில் உலகக் கோப்பைக்கான கடைசி வாய்ப்பு, பனாமாவோடு, சரந்தியில். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் பக்கம்தான். காலில் பட்டையோடு போனேன். பெண்கள் ஆட்டத்துக்கு அப்படி அரங்கு நிறைந்து நான் பார்த்ததில்லை, நாலுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். அடுத்த ஜனவரியில் மகரேனா சாஞ்செஸ், தன்னைத் தொழில்முறை ஆட்டக்காரியாக அங்கீகரிக்க வேண்டும் என்று கிளப்பையும் சம்மேளனத்தையும் எதிர்த்து நின்றாள். தனியாக, மிரட்டல்களுக்கு நடுவே. மார்ச் 16 அன்று சம்மேளனம் அறிவித்தது, முதல் பிரிவு கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது எட்டுப் பெண்களுக்குத் தொழில்முறை ஒப்பந்தம் கொடுக்க வேண்டும், மாதம் சுமார் 15,000 பேசோ. சந்தோஷத்தில் பேக்கரியில் கத்தினேன். ஆனால் எங்கள் கிளப்பின் எட்டுப் பெயரில் என் பெயர் இல்லை. இன்னும் பயிற்சி ஆட்டத்துக்கே திரும்பாத முழங்காலுக்கு யார் ஒப்பந்தம் தருவார்கள்? ஒரே அணியில் எட்டுப் பேர் சம்பளத்தோடும் பதினைந்து பேர் இல்லாமலும் ஆடிய வருடம் அது. உடை மாற்றும் அறையில் பேச்சு குறைந்துபோனது, அதுவும் உண்மை.

அந்த ஜூனில் ஜப்பானோடு பூஜ்யத்துக்குப் பூஜ்யம் சமன் செய்து எங்கள் நாடு பெண்கள் உலகக் கோப்பையில் முதல் புள்ளி எடுத்தது. ஸ்காட்லாந்தோடு மூன்று கோல் பின்தங்கியிருந்து, கடைசி இருபது நிமிடத்துக்குள் மூன்றையும் அடைத்தார்கள். ஃப்ளோரென்சியா பொன்செகுந்தோவின் பெனால்டியை முதலில் கீப்பர் தடுத்தாள், மறுபடி அடிக்கச் சொன்னார்கள், மறுபடி அடித்தாள். அதே பானினி அதற்கப்புறம் அணி நிர்வாகத்தை விமர்சித்ததற்காக மூன்று வருடம் தேசிய அணிக்கு வெளியே இருந்தாள், 2022ல்தான் திரும்பினாள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரிக்கே வாய் திறந்ததற்கு மூன்று வருடம் என்றால், எங்களைப் போன்றவர்கள் ஏன் பயப்படுகிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் முதல் ஒப்பந்தம் 2021ல், இருபத்தெட்டு வயதில். இரண்டு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். பிஃபா விதிப்படி எழுத்து ஒப்பந்தமும், செலவை மிஞ்சிய ஊதியமும் இருந்தால்தான் ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர். அடுத்த வருடம் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. பழைய நான் என்றால் அடுத்த மாதம் வரும் என்று காத்திருப்பேன். இந்த முறை சங்கத்துக்குப் போனேன். எங்கள் நாட்டில் தொழிலாளி முதலாளிக்கு அனுப்பும் தந்தி தபால் நிலையத்தில் இலவசம். சங்கத்து வக்கீல் எழுதித் தந்த ஆறு வரியை அப்படியே அனுப்பினேன், பத்து நாளில் பணம் வந்தது. வெளிநாட்டில் ஆடுபவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், பதினைந்து நாள் கெடு கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும், அப்புறமும் வராவிட்டால் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறித்துக்கொள்ளலாம். வாட்ஸ்ஆப்பில் கெஞ்சுவது கெடு ஆகாது. கையில் காசு வாங்கினால் தேதி, தொகை, கொடுத்தவர் பெயர் மூன்றையும் அன்றே எழுதி அவருக்கே மெசேஜாக அனுப்பிவையுங்கள், அதுவே சாட்சி. இன்னொன்று, 2021லிருந்து கருவுற்ற ஆட்டக்காரிகளுக்குப் பிஃபா விதிப்படி பதினான்கு வாரம் விடுப்பும், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஊதியமும் உண்டு. பிள்ளை பெற்றதும் ஆட்டத்தை விட்ட தோழிகள் எனக்கு மூன்று பேர். அவர்கள் காலத்தில் இப்படி ஒரு விதி இல்லை.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அம்மா மத்தே என்கிற எங்கள் ஊர்த் தேநீர் போட்டுக் கொடுத்தாள், அவளுடைய புது மெஷின் ஜன்னலோரம்தான் இருக்கிறது, என் முதல் மூன்று மாதச் சம்பளத்தில் வாங்கியது. மூவரும் உட்கார்ந்து அந்த கிளப்புக்கு ஐந்து கேள்வியையும் எழுதினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவரின் பெயர் தந்திருக்கிறார்கள், பதிவுத் தேதி தந்திருக்கிறார்கள், விசாவைப் பற்றியும் காப்பீட்டைப் பற்றியும் ஒன்றும் இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. மறுபடி அந்த இரண்டை மட்டும் கேட்டு எழுதச் சொன்னேன். வியாழக்கிழமை அவளைச் சங்க அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அதற்குள் பதில் வந்தால் காகிதத்தில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.